அவிக்கும் தண்ணீரில் தேசிக்காய் விடலாமா? சன்சோக் கிழங்கும் சீனி வருத்தமும்

வாளியில் கிடந்த கடைசிச் சன்சோக் கிழங்கும் பெப்ரவரி நடுப்பகுதியில் தீர்ந்தது. இரண்டு பருவம் நட்டு, கிண்டி, சமைத்து, இரத்தச் சீனி மீற்றரில் குத்திப் பார்த்ததில் கிடைத்த முடிவை முதலே சொல்லிவிடலாம். வயிறு ஊதாமல் இருக்கத் தேசிப்புளி விட்டு நன்றாக அவியுங்கள் என்றுதான் இந்தக் கிழங்குக்கு எல்லோரும் வழி சொல்வார்கள். அந்த வழி வயிற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் சீனி வருத்தக்காரர் எதற்காக இதைத் தேடிப் போகிறாரோ, அதையே கரைத்துவிடுகிறது. முதல் பருவத்தில் பெரும்பாலும் அப்படித்தான் சமைத்தோம். இரண்டாம் பருவத்தில்தான் அது திருந்தியது.

ரொறன்ரோக் கடைகளில் இதைச் சன்சோக் என்றும் ஜெருசலேம் ஆர்ட்டிச்சோக் என்றும் எழுதி வைத்திருப்பார்கள். ஜெருசலேத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. சூரியகாந்தி இனத்துச் செடி, வட அமெரிக்காவே இதன் சொந்த மண். 1605இல் பிரெஞ்சுக் கடற்பயணி சாம்ப்லேன், இன்றைய அமெரிக்காவின் கிழக்கில் உள்ள கேப் கொட் கரையில் பழங்குடி மக்கள் இதைத் தோட்டத்தில் பயிரிட்டிருந்ததைக் கண்டு, ஆர்ட்டிச்சோக் ருசி என்று எழுதி வைத்தார். பார்வைக்கு முடிச்சு விழுந்த இஞ்சி போல இருக்கும். பச்சையாகக் கடித்தால் மொறுமொறுவென்று இலேசான இனிப்பு. கரணைக் கிழங்கு போல நாக்கு அரிக்காது.

இதில் மாச்சத்துக் கிடையாது. உருளைக்கிழங்கு மாவாகச் சேர்த்து வைப்பதை இது இன்யூலின் என்ற நாராகச் சேர்த்து வைக்கிறது. நம் குடலில் அதை உடைக்கும் நொதியம் இல்லாததால் அது குளுக்கோஸாக இரத்தத்தில் ஏறாது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகும். வாய்வு வருவதும் அங்கேதான். இன்யூலின் வேறு, இன்சுலின் வேறு. பெயர் ஒத்திருப்பதால் இதை "இயற்கை இன்சுலின்" என்று நம்பி மருந்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நடுகை

விதைக்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. கடையில் இறாத்தல் 6 டொலர் விலையில் இரண்டு இறாத்தல் வாங்கி, முளைக்கண் தெளிவாக உள்ள 8 கிழங்கை எடுத்தோம். ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம். பெரியதை வெட்டியும் நடலாம், ஒரு துண்டில் இரண்டு மூன்று கண் இருந்தால் போதும். 1.2 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் நீளமான பாத்தி. ஆழம் 12 சென்ரிமீற்றர். முதல் வருடம் இடைவெளி 30 சென்ரிமீற்றர் விட்டோம், இது முதல் பிழை. பாத்தியைத் தோட்டத்தின் தெற்கு வேலியோரம் போட்டது இரண்டாவது பிழை. செடி இரண்டரை மீற்றருக்கு மேல் வளர்ந்து, பின்னால் நின்ற கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெயிலை மறைத்துவிட்டது. ஓகஸ்ட் காற்றில் நெருக்கமாக நின்ற தண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. தோட்டத்தின் வடக்கு ஓரம்தான் இதற்குரிய இடம். இரண்டாம் வருடம் 45 சென்ரிமீற்றர் விட்டு, ஜூலை முதல் வாரத்தில் நுனியை ஒன்றரை மீற்றரில் கிள்ளிவிட்டோம். ஒரு தண்டும் சாயவில்லை.

தண்ணீர் வாரம் ஒரு தடவை, மழை இல்லாவிட்டால் மட்டும். கொம்போஸ்ட் ஒரு மூட்டை, 5 டொலர். வேறு பசளை போடவில்லை.

கிண்டும் காலம்

முதல் வருடம் செப்டெம்பர் கடைசியில், இலை இன்னும் பச்சையாக நிற்கும்போதே அவசரப்பட்டுத் தண்டை வெட்டிக் கிண்டினோம். விரல் மொத்தத்தில் சின்னக் கிழங்கு. கையால் தேய்த்தாலே தோல் கழன்றது. 8 செடிக்கும் சேர்த்து 4.1 கிலோதான். கோடை முழுவதும் தண்டில் சேர்ந்த சத்து இலையுதிர்காலத்தில்தான் கீழே இறங்குகிறது. அது இறங்குமுன் தண்டை வெட்டினால் கிழங்கு பருக்காது.

இரண்டாம் வருடம் முதல் கடும் பனியில் இலை கறுத்த பிறகும் இரண்டு வாரம் பொறுத்து, நவம்பர் நடுவில் கிண்டினோம். ஒரு செடி எலிக்குப் போக, 7 செடியில் 10.8 கிலோ. மண்வெட்டி வேண்டாம், மண் கிண்டும் தோட்ட முள்ளுக்கரண்டிதான் வேண்டும். தண்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளிக் குத்தி நெம்பினால் கிழங்கு வெட்டுப்படாமல் வரும். வெட்டுப்பட்டதை அன்றே சமைத்துவிட வேண்டும்.

பாதியை மண்ணிலேயே விட்டு வசந்தத்தில் கிண்டினால் இன்னும் ருசி என்பார்கள். ருசி கூடுவது உண்மைதான். குளிரில் கிடக்கக் கிடக்க இன்யூலின் சங்கிலி உடைந்து, சீனியாக மாறுவதால் வரும் ருசி அது. சீனி வருத்தக்காரருக்கு நவம்பர், டிசம்பர் கிழங்கே நல்லது.

சேமிப்பில் நடந்தது

தோல் மிக மெல்லியது, ஈரத்தை விட்டுவிடும். கடதாசிப் பையில் பிரிட்ஜில் வைத்தது ஆறாம் நாளே சுருங்கி, றப்பர் போல வளைந்தது. ஈரத்துணி சுற்றி இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மூன்றாம் வாரம் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சணம் பிடித்தது. அதற்குள் கடுகு அளவில் கறுப்பு மணிகள் இருந்தன. அப்படி மணி கண்டால் அந்தப் பையை அப்படியே குப்பையில் போட வேண்டும். கொம்போஸ்டில் போட்டால் அடுத்த வருடப் பாத்திக்கும் அந்த நோய் வரும்.

சரிவந்தது மணல் வாளிதான். 20 லீற்றர் வாளியின் அடியில் துளை போட்டு, கையில் பிடித்தால் ஒட்டும், பிழிந்தால் தண்ணீர் வராத அளவு ஈரமான விளையாட்டு மணலை ஒரு படை, கழுவாத கிழங்கை ஒரு படை என்று மாறி மாறி அடுக்கி, 1 முதல் 4 பாகை வரை நிற்கும் கராஜில் வைத்தோம். கிழங்கு ஒன்றையொன்று தொடக்கூடாது. பெப்ரவரி வரை நின்றது, இழப்பு ஒரு கிலோவுக்கும் குறைவு. மணல் மூட்டை 6 டொலர், வாளி 5 டொலர்.

கழுவும்போது முடிச்சுகளை முதலில் கையால் ஒடித்துப் பிரித்துவிட்டு, பழைய பல் தூரிகையால் இடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். தோல் சீவத் தேவையில்லை. ஒரு கிலோவைச் சீவிப் பார்த்ததில் 280 கிராம் தோலோடு போய்விட்டது. தூரிகையால் தேய்த்தால் இழப்பு 60 கிராம்தான், நேரம் 25 நிமிடம்.

வயிறு

முதல் பருவத்தில் செய்த பெரிய பிழை அளவில்தான். ஆரோக்கியமான கிழங்கு என்று முதல் நாளே 150 கிராம் பச்சையாகச் சீவிச் சம்பல் போட்டாயிற்று. 100 கிராம் கிழங்கில் இனத்தையும் காலத்தையும் பொறுத்து 10 முதல் 20 கிராம் வரை இன்யூலின் இருக்கும். பழகாத குடலுக்கு அது மிக அதிகம். ஆறு மணித்தியாலம் கழித்துத் தொடங்கிய வாய்வும் வயிற்று ஊதலும் மறுநாள் காலைவரை நின்றன. சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் குளிசை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலும் வயிறு குழம்புவது உண்டு. இரண்டும் சேர்ந்தால் எது யாருடைய வேலை என்று பிரித்தறிய முடியாது. மருந்து புதிதாகத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய வாரங்களில் இந்தக் கிழங்கைத் தொடாமல் விடுவதே நல்லது.

அதற்குப் பிறகுதான் தேசிக்காய் வழிக்குப் போனோம். ஒரு லீற்றர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி, 25 நிமிடக் கொதி, தண்ணீரை வடித்து ஊற்றுதல். வாய்வு ஏறத்தாழ நின்றே போனது. கிழங்கோ வற்றாளை போலத் தித்தித்தது. அந்தத் தித்திப்பை நல்ல ருசி என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் சாப்பிட்டோம். யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான். இன்யூலின் என்பது பிரக்டோஸ் என்ற சீனி மணிகளைக் கோத்த மாலை. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்த நூல் அறுகிறது. வாய்வு தராமல் போனதற்குக் காரணம், வாய்வு தரவேண்டிய நாரில் ஒரு பங்கு பிரக்டோஸ் சீனியாக மாறியதும், இன்னொரு பங்கு வடித்த தண்ணீரோடு போனதும்தான். இன்யூலின் சுடுதண்ணீரில் நன்றாகக் கரையும்.

இதை மீற்றரும் காட்டிக்கொடுக்கவில்லை. மீற்றர் அளப்பது குளுக்கோஸை மட்டுமே. பிரக்டோஸ் அதன் கண்ணில் படாது, நேரே ஈரலுக்குப் போய்விடும். எண் ஏறாததால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தோம். இந்த ஒரு விடயத்தில் மீற்றரைவிட நாக்கை நம்பலாம். சமைத்த கிழங்கு பச்சைக் கிழங்கைவிடத் தெளிவாக இனிக்கிறதா? அப்படியானால் நார் உடைந்திருக்கிறது. அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள், புளியைத் தள்ளி வையுங்கள்.

பச்சைத் தண்ணீரில் தேசிக்காய் விடுவது வேறு விடயம். வெட்டிய கிழங்கு காற்றுப் பட்டுக் கறுக்கும், அவித்த பிறகும் சாம்பல் நிறம் ஏறும். அதைத் தடுக்க ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிப்புளி விட்டு, வெட்டியதைப் பத்து நிமிடம் போட்டு, அலசி எடுத்தால் போதும். சூடு இல்லாததால் அந்த நேரத்தில் நாருக்கு ஒன்றும் ஆகாது.

நிலைத்த செய்முறை: பால்கறி

விடை நம் சமையலறையிலேயே இருந்தது. தேங்காய்ப்பால் திரைந்துவிடும் என்று பால்கறிக்கும் சொதிக்கும் அடுப்பால் இறக்கிய பிறகுதானே தேசிக்காய் விடுகிறோம்? அந்தப் பழக்கம் இந்தக் கிழங்குக்கு அப்படியே பொருந்துகிறது.

நான்கு பேருக்கு 300 கிராம் கிழங்கு, 5 மில்லிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டியது. பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள், உப்பு, இரண்டாம் பால் 200 மில்லிலீற்றர், முதற்பால் 3 மேசைக்கரண்டி. வெங்காயம் வழக்கத்தில் பாதி, உள்ளி ஒரு பல்லுக்கு மேல் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் இதே வகை நாரைக் கொண்டவை, வாய்வைக் கூட்டும். இரண்டாம் பாலில் எல்லாவற்றையும் போட்டு, கொதி வந்ததும் தணலைக் குறைத்து, மூடி போட்டு 9 நிமிடம். ஒரு துண்டை எடுத்துக் கத்தி நுனியால் குத்தினால் நடுவில் சற்றே தடுக்க வேண்டும். முதற்பால் விட்டு ஒரு கொதி, இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் தேசிப்புளி. குழம்பை வடித்து ஊற்றாமல் சோற்றோடு சாப்பிட்டால், கரைந்த நாரும் கோப்பைக்கே வரும்.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் கிழங்கு உருளைக்கிழங்கு போலப் படிப்படியாக வேகாது. 9ஆம் நிமிடம் மொறுமொறுப்பாக இருப்பது 13ஆம் நிமிடம் கூழாகிவிடும், ஓரத்துத் துண்டுகள் முதலில் உடையும். ஆகவே எல்லாத் துண்டும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். மற்றது, மா இல்லாததால் குழம்பு தடிக்காது. தடிக்கவைக்க அரிசிமாக் கரைத்து விட்டால் இவ்வளவு பாடும் வீண். ஒரு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பை முதலே அவித்து மசித்துச் சேர்த்தால் போதும்.

புளிக்குழம்பு வைக்க வேண்டாம். பழப்புளியில் நெடுநேரம் கொதிப்பது அந்தத் தேசிக்காய்க் கதைதான். பிரட்டல் நன்றாக வரும்: தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கிழங்கு, நடுத்தர நெருப்பில் 8 நிமிடம். வறுத்த கறித்தூள் கடைசியில்.

உப்பு நீரில் புளிக்கவைத்தும் பார்த்தோம். நிறையில் 2.5 வீத உப்பு, 18 பாகையில் 8 நாள். மிக நல்ல ருசி, வாய்வும் குறைவு. ஆனால் அங்கே நுண்ணுயிர்கள் நாரில் ஒரு பங்கை முன்னமே தின்றுவிடுகின்றன, உப்பும் அதிகம். இரத்த அழுத்த வருத்தமும் உள்ளவர்களுக்கு ஊறுகாய் அளவில் ஓரிரு துண்டோடு நிறுத்த வேண்டும்.

பழக்கும் அளவு இப்படி நின்றது: முதல் நான்கு நாள் 30 கிராம், ஒரு வாரம் 50, பிறகு 75. மதியத்தில் மட்டும், இரவில் இல்லை. ஒரு வாரம் இடைவெளி விழுந்தால் மறுபடி 30இல் தொடங்க வேண்டும். 100ஐத் தாண்டி எந்தப் பயனும் காணவில்லை, தொல்லைதான் கூடியது.

மீற்றர் சொன்னது

மெட்போர்மின் மட்டும் எடுக்கும், இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஒருவரின் மதியச் சாப்பாட்டில் நான்கு விதமாகப் பார்த்தோம், ஒவ்வொன்றும் மூன்று நாள். மீன்குழம்பும் கீரையும் எல்லா நாளும் ஒரே அளவு. சோறு தராசில் நிறுத்தது. கை கழுவித் துடைத்து, சாப்பிடுமுன் ஒன்று, முதல் வாயிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. எண்கள் இரத்தச் சீனியின் மூன்று நாள் சராசரி, லீற்றருக்கு மில்லிமோலில்.

150 கிராம் வெள்ளைச் சோறு, கிழங்கு இல்லை: 6.4இலிருந்து 10.9.
150 கிராம் சோறு, அதன் மேல் 75 கிராம் கிழங்கு: 6.3இலிருந்து 10.6.
75 கிராம் சோறு, 75 கிராம் கிழங்கு: 6.6இலிருந்து 8.7.
75 கிராம் சோறு, 75 கிராம் கோவா வறை: 6.5இலிருந்து 8.9.

வீட்டு மீற்றருக்கு அனுமதித்த பிழை எல்லையே ஏறத்தாழ 15 வீதம். ஆகவே 10.9க்கும் 10.6க்கும் வித்தியாசம் இல்லை, 8.7க்கும் 8.9க்கும் இல்லை. சோற்றின் மேல் கிழங்கைக் கூட்டினால் அந்த வேளைச் சீனி இறங்கவில்லை. சோற்றைப் பாதியாக்கினால் இறங்குகிறது, அதைக் கோவாவும் செய்கிறது. சன்சோக்கின் மதிப்பு வேறு இடத்தில்: கிழங்கைக் கடித்த திருப்தி கிடைப்பதால் 75 கிராம் சோறு குறைவாகத் தெரிவதில்லை. கோவா வறையோடு நாலு மணிக்கே பசித்தது, கிழங்கோடு ஆறு மணிவரை நின்றது. இது ஒருவரின் 12 நாள் கணக்கு. உங்களுக்கு எப்படி என்று உங்கள் மீற்றரில்தான் பார்க்க வேண்டும். மீற்றரில் செருகும் ஸ்ரிப் 24, ஒன்று 80 சதப்படி 19 டொலர் 20 சதம்.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு 17 கிராம் மாப்பொருள் என்று இருக்கும். அந்த 17க்கும் சேர்த்து ஊசி அளந்தால், அதில் பெரும்பங்கு இரத்தத்துக்கே வராததால் சீனி கீழே விழலாம். சீனியைக் கீழே விழுத்தக்கூடிய கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் சோற்றைப் பாதியாக்குமுன் வைத்தியரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டுவிடுங்கள். சீனி 4க்குக் கீழே விழுந்தால் இந்தக் கிழங்கு உதவாது, குளுக்கோஸ் குளிசையோ சீனித் தண்ணீரோ வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதில் உள்ள பொட்டாசியம் கூடுதல், 100 கிராமில் 430 மில்லிகிராம் அளவில். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் தொடாமல் விடுவது நல்லது.

செலவும் அடுத்த பருவமும்

கிழங்கு 12 டொலர், கொம்போஸ்ட் 5, மணலும் வாளியும் 11. மொத்தம் 28 டொலர், ஸ்ரிப் தனி. இரண்டு வருடத்தில் எடுத்தது 14.9 கிலோ. கடை விலையில் அது 190 டொலரைத் தாண்டும். விதைக்கு இனி வாங்க வேண்டியதில்லை, வாங்க விடவும் மாட்டாது: மண்ணில் தவறிய சுண்டுவிரல் துண்டும் மே மாதம் முளைத்து நிற்கும். முதல் வருடப் பாத்தியில் இரண்டாம் வருடம் நாங்கள் நடாத இடங்களில் 19 முளை எண்ணினோம்.

ஆகவே வரும் ஏப்ரலில் பாத்தியில் நடப்போவதில்லை. அடியில் துளையிட்ட 60 லீற்றர் தொட்டி மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு கிழங்கு, வடக்கு வேலியோரம், எலிக்கு அடியில் கம்பி வலை. அறுவடைக்குத் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைச் சல்லடையில் அரித்து எடுக்கலாம். கடையில் கிடைத்தால் முடிச்சுக் குறைந்த, நீளமான பியூசோ இனத்தை ஒரு தொட்டியில் நட எண்ணம். பல் தூரிகை வேலை பாதியாகும். பழைய பாத்தியில் முளைப்பதை ஒரு சாண் வளர்ந்ததும் அடிக்கிழங்கோடு பிடுங்க வேண்டும், ஜூன் கடைசிவரை வாரம் ஒரு தடவை.